ரீல்ஸ் போட்டாலும் அது பிரசாரம்தான்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

வேட்பாளர்கள் தங்கள் சமூக வலைதளக் கணக்குகளை வேட்புமனுவோடு தெரிவிக்க வேண்டும், அங்கே செய்யும் விளம்பரத்தைத் தேர்தல் செலவில் காட்ட வேண்டும் என்று தேர்தல் ஆணையம் 2013-லேயே சொல்லிவிட்டது. சரி, ஆனால் பிரசாரம் இப்போது அந்தக் கணக்குகளிலா நடக்கிறது? அதுவரை பரோட்டா கடை, பிரியாணி கடை என்று சுற்றிக்கொண்டிருந்த யூடியூபர், தேர்தல் வந்ததும் வேட்பாளரோடு டீ குடித்தபடி "அண்ணன் ரொம்ப எளிமைங்க" என்று ரீல்ஸ் போடுகிறார், காசு வாங்கினாரா இல்லையா என்பது பார்க்கிறவர்களுக்குத் தெரிவதே இல்லை. சாதாரண தேர்தல் நோட்டீஸில்கூட அச்சிட்டவர், வெளியிட்டவர் பெயரும் முகவரியும் இருக்க வேண்டும் என்பது சட்டம். ரீல்ஸுக்கு மட்டும் ஏன் விலக்கு? பணம் கொடுத்தவர் பெயரைத் திரையிலேயே காட்டுவதை ஆணையம் கட்டாயமாக்க வேண்டும், அதுவும் அடுத்த தேர்தலுக்கு முன்பே.

- வாசகர், மதுரை