மேல்மலையிலிருந்து ஒரு நன்றி மடல்

எங்களோடு சேர்ந்து விண்மீன்களை அளந்த ஒகயாமா (ஜப்பான்), டெனரீஃப் (ஸ்பெயினின் அட்லாண்டிக் தீவு), கொக்கிம்போ (சிலி) நண்பர்களுக்கும், கோவை லேத் பட்டறைக்காரர்களுக்கும், மின்வாரிய லைன்மேன் அண்ணன்களுக்கும், மன்னவனூர், கவுஞ்சி ஊர்மக்களுக்கும் வணக்கம்.

இந்தப் பருவத்து மாறொளிர் விண்மீன் (ஒளி கூடிக் குறையும் விண்மீன்) அளவீடுகள் முடிந்துவிட்டன. யாருக்கு எதற்காக நன்றி என்பதை விவரமாகவே எழுதுகிறோம். மொத்தமாகச் சொல்லும் நன்றி யாருக்கும் போய்ச் சேர்வதில்லை.

ஒரே மலையிலிருந்து பார்த்தால் விடிந்ததும் தரவு அறுந்துவிடும். தினமும் அதே நேரத்தில் அறுவதால், விண்மீன் நாளுக்கு எத்தனை முறை ஒளி கூடிக் குறைகிறது என்ற அசல் அலைவெண்ணுக்கு இருபுறமும், நாளுக்கு ஒரு சுற்று கூடியும் குறைந்தும் போலி அலைவெண்கள் முளைக்கும். எது அசல் என்று பிரிப்பது பெரும்பாடு. அதனால்தான் நான்கு ஊர்களிலிருந்து மாற்றி மாற்றிப் பார்த்தோம். ஒகயாமாவில் வானத்தின் உச்சிக்கு வந்த விண்மீன் மூன்றே முக்கால் மணி நேரத்தில் எங்கள் பழனிமலைத் தொடரில் வான உச்சிக்கு வருகிறது. பிறகு ஆறேகால் மணி நேரத்தில் டெனரீஃப், அங்கிருந்து மூன்றரை மணிக்குச் சற்றுக் கூடுதலாகச் சிலி. பசிபிக் மேல் மட்டும் பத்து மணி நேரத்துக்கு மேல் ஓட்டை. ஆனாலும் போலிகள் நன்றாகவே அடங்கிவிட்டன.

ஓர் ஊர் முடித்து அடுத்த ஊர் தொடரும் நேரத்தில் இரு கருவிகளின் அளவும் ஒட்ட வேண்டும். ஃபில்டரும் சென்சாரும் வேறு என்பதால் அதே விண்மீனுக்கு ஒளித்தரத்தில் (பிரகாசத்தைக் குறிக்கும் எண்) 0.02, 0.03 விலகுவது சாதாரணம். வான நடுவரையை (பூமியின் நடுக்கோட்டுக்கு நேர் மேலே வானில் வரும் கோடு) ஒட்டிய லாண்டோல்ட் தர விண்மீன்களில், அதாவது ஒளியளவு துல்லியமாகப் பட்டியலிடப்பட்டவற்றில், சிவப்பும் நீலமும் கலந்து எடுத்து, இந்த விலகலைச் சரிசெய்யும் நிறத் திருத்தக் கெழுவை மாதந்தோறும் தவறாமல் அனுப்பிய ஒகயாமா குழுவுக்கு முதல் நன்றி. சலிப்பூட்டும் வேலை அது; அதை விட்டால் மற்றதெல்லாம் வீண்.

டெனரீஃப் நண்பர்கள் எங்கள் அரை மணியைக் காப்பாற்றினார்கள். தரவை இணைக்கும் மென்பொருள் உலகப் பொது நேரத்திலிருந்து உள்ள வித்தியாசத்தை முழு மணிகளாக மட்டுமே ஏற்றுக்கொண்டது. நம் ஐந்தரை மணி அதற்குள் அடங்கவில்லை. ஒளிமாற்ற வரைபடங்கள் அரை மணி தள்ளி நின்றன. நிரலைத் திருத்தியதோடு, கணினி எல்லாம் உலகப் பொது நேரத்தில் ஓடட்டும், உள்ளூர் நேரத்துக்குச் சுவர்க் கடிகாரம் போதும் என்று பிடிவாதமாகச் சொன்னார்கள். அது சரிதான். வானியலாளர்கள் நாட்களைத் தொடர்ச்சியாக எண்ணும் ஜூலியன் நாள் நமக்கு மாலை 5.30க்கு மாறுவதால் நம் இரவு முழுதும் ஒரே எண்ணில் அடங்கும். ஜப்பானில் அது இரவு 9 மணிக்கு மாறும். கோப்புகளுக்குப் பெயரிடும்போது அவர்கள் படும் பாடு நமக்கு இல்லை.

பழுதுபார்க்கப் போன எங்கள் கேமராவுக்குப் பதிலாக, கொக்கிம்போ குழு தங்கள் உபரிக் கேமராவை இரவல் தந்தது. வறண்ட ஊர்க் கேமரா, நம் ஐப்பசி மூடுபனியில் வந்து மாட்டிக்கொண்டது. சென்சாரை மைனஸ் 20 டிகிரிக்குக் குளிர்வித்ததும் படத்தின் நடுவில் கறை போலப் பூத்தது. தூசி என்று துடைக்கக் கிளம்புவார்கள், துடைக்கக் கூடாது. குளிர்விப்பை நிறுத்தி, சென்சார் வெதுவெதுப்பானதும் சீரான ஒளியில் ஒரு படம் எடுங்கள். கறை மறைந்தால் உறைபனி, அப்படியே இருந்தால் தூசி. உறைபனி என்றால் கேமராவுக்குள் ஈரத்தை உறிஞ்ச வைத்திருக்கும் சிலிக்கா ஜெல் மணிகள் ஈரம் குடித்து நிறைந்துவிட்டது என்று பொருள். எடுத்து அடுப்பில் வறுத்துப் போட்டால் மறுபடி வேலை செய்யும்.

தொலைநோக்கியை மூடியிருக்கும், சுழலும் குவிமாடம் சிக்கிச் சிக்கி ஓடியதற்கும் ஈரமே காரணம். அதைத் தாங்கும் நைலான் உருளைகள் ஈரம் குடித்து உப்பி அச்சைப் பிடித்துக்கொண்டன. கோவைப் பட்டறையில் பன்னிரண்டையும் டெல்ரின் என்ற கெட்டிப் பிளாஸ்டிக்கில் கடைந்து கொடுத்தார்கள். டெல்ரின் அவ்வளவாக ஈரம் இழுக்காது. அதன் பிறகு மோட்டார் திணறவில்லை.

இடி விழும்போது மின்கம்பி வழியாக வரும் சேதத்தைவிட நெட்வொர்க் கேபிள் வழியாக வருவது மோசம். திடீர் மின் பாய்ச்சலைத் தடுக்கும் சர்ஜ் தடுப்பான் கரண்டுக்கு இருக்கும், கேபிளை மறந்திருப்பார்கள். குவிமாடத்துக்கும் கட்டுப்பாட்டு அறைக்கும் நடுவே இப்போது மின்சாரம் கடத்தாத கண்ணாடி இழைதான். லைன்மேன்கள் எர்த் குழியைக் கரியும் உப்பும் போட்டுப் புதுப்பித்தார்கள். கீழே சார்னகைட் என்ற கெட்டிப் பாறை, மேலே கொஞ்சம் மண். மாசி, பங்குனியில் குழிக்குத் தண்ணீர் ஊற்றாவிட்டால் எர்த் இருந்தும் இல்லாத கதைதான். இழையை ஓரடி ஆழத்தில் புதைக்கப் போனபோது, காட்டுப்பன்றி தோண்டிவிடும், மூன்றடி போட்டு மேலே கல் பரப்புங்கள் என்று தடுத்தது கவுஞ்சிப் பெரியவர்கள். பூண்டு வயல் விளக்குகளுக்குத் தகர மூடி போட்டு வெளிச்சத்தைத் தரைக்குத் திருப்பியதும் இரண்டு ஊர்க்காரர்களே.

கொக்கிம்போ நண்பர்களே, இரவல் கேமரா அடுத்த வாரம் கிளம்புகிறது. சிலிக்கா ஜெல் புதிது. சுங்கத்தில் அது உங்கள் பொருள்தான் என்று காட்ட வேண்டியிருக்கும் என்பதால், தொடர் எண்ணைப் பில்லிலும் பெட்டியின் இரண்டு பக்கத்திலும் எழுதியிருக்கிறோம்.

அன்புடன்,
ஆய்வகக் குழு, கொடைக்கானல் மேல்மலை