கன்டெய்னர் புக் பண்றதுக்கு முன்னாடி இத படிச்சிரு

மாப்ள,

உன் மெயிலுக்கு பதில் போட ரொம்ப லேட்டாயிடுச்சு, கோச்சுக்காத. பொண்ணுக்கு பரீட்சை, ஆபீஸ்ல வருஷக் கணக்கு முடிக்கிற நேரம் வேற. நீ வேலைய விட்டுட்டு சொந்தமா இறங்கப் போறன்னு படிச்சதும் சந்தோஷம், ஆனா ஒயின் இறக்குமதின்னு பாத்ததும் சிரிச்சுட்டேன்டா, அரை பெக் போட்டா ரெண்டு நாள் தலைவலின்னு படுத்துக்குற ஆள் நீ. இந்த யாவாரத்துக்கு அதுவும் நல்லதுதான்.

சாம்பிள் வந்தாச்சு, விலை பேசியாச்சு, அடுத்தது கன்டெய்னர்தான்னு எழுதியிருக்க பாரு, அங்கதான் எனக்கு பக்குன்னுச்சு. கிளியரிங் வேலைல நான் பாத்த வரைக்கும் இதுல மாட்டுனவங்க பாதி பேர் ஒயின் நல்லால்லன்னு மாட்டல, சரக்கு போர்ட்டுக்கு வந்தப்புறம் லைசென்ஸுக்கு ஓடித்தான் மாட்டுனாங்க. அதுக்குள்ள டெமரேஜ், அதான் சரக்க நேரத்துக்கு எடுக்காததுக்கு போடுற தாமதக் கட்டணம், ஏறிட்டே இருக்கும், பேப்பர் நகராது. துணிமணி, பொம்மைன்னா டூட்டிய கட்டுனோமா எடுத்தோமான்னு போயிரலாம், இதுல கஸ்டம்ஸ் ஒரு பக்கம், கலால் ஒரு பக்கம், உணவுப் பாதுகாப்பு ஒரு பக்கம், விக்கிறதுக்கு தனி லைசென்ஸ், ஒருத்தர் சரின்னுட்டார்னு இன்னொருத்தர் விட மாட்டாரு.

எந்த நாட்டுல கம்பெனி போடலாம்னு கேட்டல்ல. அமெரிக்கான்னா டிடிபி (TTB)ன்னு மதுவுக்கான ஒரு ஃபெடரல் ஆபீஸ், அவங்க இம்போர்ட்டர் பர்மிட் இல்லாம யாவாரமா ஒரு பெட்டி கூட இறக்க முடியாது, அதுக்கு அங்கயே ஆபீஸும் வேணும். பர்மிட் கிடைச்சிருச்சுன்னு கடைக்கடையா போய் வித்துரலாம்னு நெனைக்காத. 1933ல மதுவிலக்க எடுத்தப்ப 21வது திருத்தத்துல மாநிலங்களுக்கு பவர் குடுத்துட்டாங்க, அதனால பெரும்பாலான இடத்துல இம்போர்ட்டர், ஹோல்சேலர், கடைக்காரர்னு மூணு அடுக்கு, நடுவுல இருக்கவன தாண்ட முடியாது, அவனுக்கும் மார்ஜின் விட்டுத்தான் நீ கணக்கு போடணும். கனடால மாகாண லிக்கர் போர்டு வழியாத்தான் உள்ளயே வரும். ஸ்வீடன்ல இறக்குறது பரவால்ல, ரெஸ்டாரன்ட்டுக்கு நேரா குடுக்கலாம், ஆனா வீட்டுக்கு பாட்டில் வாங்குற ஜனத்துக்கு சிஸ்டம்போலாகெட்ங்கிற அரசாங்கக் கடைதான், அவன் எடுத்தா உண்டு. இந்தியான்னா மது மாநில சப்ஜெக்ட், ஒவ்வொரு மாநிலத்துலயும் லேபிள தனித்தனியா பதிவு பண்ணணும், ஃபீஸும் தனி. என்னக் கேட்டா யார்கிட்ட விக்கப் போறன்னு முதல்ல முடிவு பண்ணு, நாடு தானா முடிவாயிரும்.

அடுத்தது லேபிள். எல்லாரும் கடைசில பாத்துக்கலாம்னு விடுறது இதத்தான், நேரம் முழுக்க போறதும் இதுலதான். அமெரிக்காக்கு அரசாங்க எச்சரிக்கை வாசகம் கட்டாயம், லேபிள் அப்ரூவல் கைல இல்லாம கஸ்டம்ஸ் ரிலீஸ் கிடைக்காது. சல்ஃபைட், அதான் ஒயின் கெடாம இருக்க சேக்குற பொருள், லிட்டருக்கு 10 மில்லிகிராம் இருந்தாலே லேபிள்ல போடணும், ஐரோப்பாலயும் அதே அளவுதான், அனேகமா எல்லா ஒயின்லயும் அதுக்கு மேலதான் இருக்கும். ஐரோப்பாக்குன்னா 2023 டிசம்பர் 8க்கு அப்புறம் தயாரான ஒயினுக்கு என்னென்ன சேத்திருக்கு, ஊட்டச்சத்து என்னங்கறதயும் காட்டணும், க்யூஆர் கோடு போட்டு கொஞ்சம் தப்பிக்கலாம். ஒயினரிக்காரன் அவன் ஊருக்கு அடிச்ச லேபிளோட அனுப்பிருவான், ஸ்டிக்கர நீ பாண்டட் வேர்ஹவுஸ்ல, அதான் டூட்டி கட்டாம சரக்க வைக்கிற கிடங்குல, வச்சு ஒட்டிக்கலாம், பல இடத்துல விடுறாங்க, ஆனா முன்னாடியே கேட்டுக்க. எனக்குத் தெரிஞ்ச ஒருத்தருக்கு ஒரு வரி விட்டுப்போச்சுன்னு மொத்த சரக்கும் நின்னு, கடைசில திருப்பி அனுப்ப வேண்டியதாப் போச்சு.

எச்எஸ் கோடு, அதான் கஸ்டம்ஸ்ல சரக்க வகை பிரிக்கிற நம்பர், சின்ன விஷயம்தான், கவனமா மட்டும் போடு. சாதா ஒயின் 2204, மூலிகை மணம் சேத்த வெர்மூத் மாதிரி ஐட்டம் 2205, ஆப்பிள் சைடர் 2206, விஸ்கி பிராந்தி 2208. ஆல்கஹால் சதவீதத்துக்கும் லேப் ரிப்போர்ட் வாங்கிக்க, பிரிட்டன்ல 2023 ஆகஸ்ட்ல இருந்து டூட்டியே அந்த சதவீதத்த வச்சுத்தான்.

பாண்டட் வேர்ஹவுஸ் கண்டிப்பா எடு. சரக்கு உள்ள இருக்க வரைக்கும் டூட்டி கட்ட வேணாம், வித்து வெளிய எடுக்கும்போது கட்டுனா போதும், கைல காசு நிக்கும். ஆனா உள்ள கணக்குல பாட்டில் குறைஞ்சா அதுக்கும் டூட்டிய உன் தலைலதான் கட்டுவாங்க, அதனால ஸ்டாக் ரிஜிஸ்டர யாரோ சின்னப் பையன்கிட்ட விட்டுட்டு போகாத.

உன் பார்ட்னர் சொன்னான்ல, முதல்ல கொஞ்சமா சாம்பிள்னு சொல்லி இறக்கி வித்துப் பாக்கலாம்னு, அத மட்டும் பண்ணிறாத. சாம்பிள்னு வந்தத காசுக்கு வித்தா அங்கயே கேஸு, அப்புறம் நீ லைசென்ஸுக்கு விண்ணப்பம் போடும்போது அது முன்னாடி வந்து நிக்கும். மது லைசென்ஸ் குடுக்கறவங்க ஆளோட பழைய வரலாறத்தான் முதல்ல தோண்டுவாங்க, பார்ட்னரோடதயும் சேத்து.

அட்வான்ஸ் இன்னும் அனுப்பலைன்னா அனுப்பாத. அனுப்பித்தான் ஆகணும்னா லைசென்ஸும் லேபிள் அப்ரூவலும் வந்தாத்தான் ஆர்டர் செல்லும்னு ஒப்பந்தத்துல ஒரு வரி போடச் சொல்லு, அதோட அந்த ஏரியாக்கு நீதான் ஏஜென்ட்டுன்னு ஒரு லெட்டரும் வாங்கு. லேபிள் முன்னாடி பின்னாடி போட்டோ, லேப் ரிப்போர்ட், ப்ரோஃபார்மா இன்வாய்ஸ் (ஒயினரிக்காரன் முன்கூட்டி குடுக்குற உத்தேச பில்) மூணையும் எனக்கு மெயில் பண்ணு, ஞாயித்துக்கிழமை உக்காந்து பாத்துட்டு போன் போடுறேன். தங்கச்சிய கேட்டதா சொல்லு.