படகுக்குப் பதிவு உண்டு, பழுதுபார்ப்பவருக்கு இல்லை: அதிகாரிகளுக்கு ஒரு திறந்த மடல்

மீன்பிடித் துறைமுகங்களையும் விசைப்படகுகளின் பதிவையும் கவனித்துவரும் அதிகாரிகளுக்கு,

வணக்கம்.

காசிமேட்டில் நிற்கும் விசைப்படகுகளில் ஒன்று என்னுடையது. என் கணவர் கட்டிய படகு அது. அவர் காலமான பிறகு ஐந்து ஆண்டுகளாக என் பெயரில் தொழிலுக்குப் போகிறது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான 61 நாள் மீன்பிடித் தடைக்காலம் எதற்காக விதிக்கப்படுகிறது என்பதையும், ஆண்டு முழுவதும் தள்ளிப்போட்ட பழுதுகளை எல்லாம் நாங்கள் அந்த 61 நாளுக்குள்தான் பார்த்து முடிக்க வேண்டியிருக்கிறது என்பதையும் நான் சொல்லி நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை. இந்த ஆண்டு ஜூன் 14 நள்ளிரவில் மற்ற படகுகள் ஐஸும் டீசலும் ஏற்றிக்கொண்டு, பூசை போட்டு, ஒன்றன்பின் ஒன்றாக முகத்துவாரம் தாண்டிப் போனபோது, என் படகு அடிப்பலகை கழற்றப்பட்ட நிலையில் கரையில் முட்டுக்கட்டைகளின் மேல் நின்றுகொண்டிருந்தது. அந்த இரவுதான் என்னை இந்த மடலை எழுத வைத்தது.

நான் கேட்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். படகு பழுதுபார்க்கும் வேலையை ஒப்பந்தமாக எடுப்பவர்களைத் துறைமுக அளவில் பதிவு செய்யுங்கள். என்ன வேலை, என்ன பொருள், எவ்வளவு தொகை, எந்தத் தேதிக்குள் என்ற நான்கையும் எழுதி இருவரும் கையெழுத்திடாமல் எந்தப் படகையும் பழுதுபார்க்கக் கரையேற்ற அனுமதிக்காதீர்கள்.

என் படகுக்கு வேலை எடுத்தவரின் பெயரை நான் இங்கே எழுதவில்லை. அவர் ஒருவரைப் பற்றியது மட்டுமல்ல இந்த மடல். இதைப் படிக்கும் படகு உரிமையாளர்கள் ஒவ்வொருவருக்கும் அவரவர் அனுபவத்திலிருந்து ஒரு பெயர் நினைவுக்கு வரும் என்பது எனக்குத் தெரியும். ஏப்ரல் 18-ஆம் தேதி படகைக் கரையேற்றினோம். பின்பக்கத்து அடிப்பகுதியில் பதினான்கு பலகைகளை மாற்றுவது, இடுக்குகளில் பஞ்சு திணித்துக் கலப்பற்றுவது, அதன்மேல் பைபர் பூசுவது, எஞ்சினிலிருந்து விசிறிக்குப் போகும் ஷாப்ட்டின் புஷ்ஷையும், அதன் வழியாக நீர் வராமல் தடுக்கும் பேக்கிங்கையும் புதிதாகப் போடுவது ஆகியவை வேலை. ஐந்தரை லட்சம் ரூபாய் பேசி, மூன்று லட்சம் முன்பணம் கொடுத்தேன். முப்பத்தைந்து நாளில் படகைத் தண்ணீரில் இறக்கித் தருவதாக, என் கணவரின் படத்துக்கு முன்னால் நின்று அவர் வாக்குக் கொடுத்தார். எழுத்தில் எதுவும் இல்லை. இந்தத் துறைமுகத்தில் எழுதிக் கேட்பது அவமரியாதையாகப் பார்க்கப்படும் வழக்கம் இருக்கிறது. அதற்கு நானும் பணிந்துபோனேன்.

முதல் ஆறு நாள் ஆறு பேர் வந்தார்கள். பழைய பலகைகளை எல்லாம் கழற்றிப் போட்டார்கள். ஏழாம் நாள் யாரும் வரவில்லை. அதே ஆட்கள் பத்துப் படகு தள்ளி வேறொரு படகில் வேலை செய்வதை எங்கள் டிரைவர் போய்ப் பார்த்துவிட்டு வந்து சொன்னார். அன்றிலிருந்து நான் தொலைபேசியில் கேட்டதெல்லாம் ஒரே பதில்தான்: "நாளைக் காலையில ஆள் இறங்கிடும் அக்கா." அந்த நாளைக் காலை ஐம்பத்தெட்டு நாள் கழித்து விடிந்தது.

மரப்படகு தெரிந்தவர்களுக்கு அந்த ஐம்பத்தெட்டு நாள் என்ன செய்யும் என்பது புரியும். தண்ணீரில் ஊறிக் கிடந்த மரம் கரையில் காய்ந்தால் சுருங்கும். சுருங்கினால் பலகைக்குப் பலகை இடைவெளி விடும். அடிப்பகுதி திறந்து கிடந்ததால் வெயிலும் காற்றும் உள்ளேயும் புகுந்தன. கத்திரி வெயில் தொடங்கிய மே முதல் வாரத்தில், அதுவரை எந்தக் குறையும் இல்லாமல் இருந்த பக்கவாட்டுப் பலகைகளிலும் இடுக்கு விடத் தொடங்கியது. பத்தொன்பது ஆண்டுகளாக இந்தப் படகை ஓட்டும் எங்கள் டிரைவர் காலையில் ஒருமுறையும் பிற்பகலில் ஒருமுறையும் குடத்தில் தண்ணீர் சுமந்துவந்து, கோணிச் சாக்குகளை நனைத்துப் படகின் இரு பக்கங்களிலும் தொங்கவிடுவார். அறுபது வயதைத் தாண்டியவர். நான் சம்பளம் பேசி அமர்த்திய வேலை அல்ல அது. மே மாதம் முழுவதும், ஒரு நாள்கூட விடாமல், ஓட்டையாகிக் கிடந்த படகுக்கு அவர் ஈரச் சாக்குப் போர்த்திக்கொண்டிருந்தார். வாக்குக் கொடுத்த ஒப்பந்ததாரர் அந்த மாதத்தில் ஒருமுறைகூட வந்து படகைத் தொட்டுப் பார்க்கவில்லை.

மே மாத இறுதியில் படகுகளை ஆய்வு செய்ய அலுவலர்கள் வந்தார்கள். தடைக்காலத்தில் ஆண்டுதோறும் நடக்கும் ஆய்வு அவசியமானது என்பதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. பதிவுச் சான்று, உரிமம், உயிர்காக்கும் மிதவைச் சட்டைகள், தகவல் தொடர்புக் கருவி, எஞ்சின் 240 குதிரைத்திறனுக்கு உட்பட்டதா என்பது, இழுவலை மடியின் கண்ணளவு 40 மில்லிமீட்டருக்குக் குறையாமல் இருக்கிறதா என்பது எல்லாம் பார்க்கப்பட வேண்டியவைதான். அன்று வந்த அலுவலர் நல்ல மனிதர். படகின் அடியில் குனிந்து பார்த்து, எப்போது முடியும் என்று அக்கறையோடு கேட்டார். "பழுதுபார்ப்பில் உள்ளது" என்று குறித்துக்கொண்டார். யார் பழுது பார்க்கிறார், எப்போது தொடங்கினார், எப்போது முடிக்க வேண்டும் என்பதை எழுத அவருடைய படிவத்தில் இடம் இருக்கவில்லை. 1983-ஆம் ஆண்டின் தமிழ்நாடு கடல் மீன்பிடி ஒழுங்குமுறைச் சட்டத்தின்படி என் படகுக்குப் பதிவு உண்டு, உரிமம் உண்டு, எண் உண்டு. ஒன்பது பேர் உயிரைச் சுமந்துபோகும் அந்தப் படகின் அடிப்பலகையைக் கழற்றி மாட்டுகிறவருக்கு எதுவும் இல்லை.

ஜூன் 14 இரவு எங்கள் ஆட்கள் எட்டுப் பேரும் வேறு படகுகளில் ஏறிப் போனார்கள். நான்தான் போகச் சொன்னேன். 61 நாளுக்குக் குடும்பத்துக்கு 8,000 ரூபாய் நிவாரணத்தை வைத்து ஓட்டியவர்களைத் தடை முடிந்த பிறகும் காத்திருங்கள் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. தடை முடிந்ததும் போகும் முதல் இரண்டு மூன்று தங்கல்களில்தான் (கடலில் சில நாள் தங்கி மீன் பிடிக்கும் பயணங்களில்தான்) மீன் நிறைவாகக் கிடைக்கும் என்பதும், அந்த வருமானத்தில்தான் பள்ளிக் கட்டணமும் அடகு நகையும் மீளும் என்பதும் துறைமுகத்தில் எல்லோருக்கும் தெரிந்தது. டிரைவர் மட்டும் போகவில்லை. எல்லாப் படகுகளின் விளக்குகளும் மறையும் வரை என் படகுக்குப் பக்கத்திலேயே நின்றிருந்தார்.

ஜூன் 21-ஆம் தேதி ஒப்பந்ததாரர் நான்கு ஆட்களோடு வந்து, மரம் விலை ஏறிவிட்டது என்று மேலும் ஒன்றரை லட்சம் கேட்டார். கழற்றிப் போட்ட படகை வைத்துக்கொண்டு பேரம் பேச என்னால் முடியாது என்பது அவருக்குத் தெரியும். கொடுத்தேன். அதன் பிறகு நடந்தது எல்லாம் அவசரம். முந்தைய இரவு பெய்த மழையில் நனைந்திருந்த பலகைகளின் மேல் மறுநாள் காலையிலேயே கண்ணாடி இழைப் பாயை விரித்து, அதை ஒட்டவைக்கும் ரெசினைப் பூசினார்கள். ஈர மரத்தில் ரெசின் பிடிக்காது, இரண்டு நாள் காயவிடுங்கள் என்று டிரைவர் சொன்னதற்கு, வெயில் அடித்தால் தானாகக் காய்ந்துவிடும் என்று பதில் வந்தது. ஷாப்ட்டும் எஞ்சினும் நேர்கோட்டில் இருக்கின்றனவா என்பதைக் கரையில் பார்த்ததோடு விட்டுவிட்டார்கள். தண்ணீரில் இறக்கியதும் படகின் உடல் சற்று வளையும், ஆகவே மிதக்கும்போது மறுபடியும் பார்க்க வேண்டும் என்பது இந்தத் தொழிலின் அரிச்சுவடி. அதற்குள் அவர்கள் அடுத்த படகுக்குப் போய்விட்டார்கள்.

ஜூலை 6-ஆம் தேதி தொழிலுக்குப் போன படகு, இரண்டாம் நாள் இரவு எஞ்சின் அறையில் தண்ணீர் ஏறுவதைக் கண்டு திரும்பியது. வரும் வழியெல்லாம் பம்பு ஓடியது. பம்பால் ஆகாதபோது வாளியால் இறைத்தார்கள். அந்த இரவு முழுவதும் நான் தொலைபேசியைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். மறுபடியும் கரையேற்றிப் பார்த்தபோது, பைபர் பூச்சு வாழைப்பட்டை உரிவதுபோல் கையோடு வந்தது. அதன் அடியில், ஐனி மரம் என்று சொல்லிப் பணம் வாங்கிய பலகைகளில் மூன்று வேறு ஏதோ மட்டமான மரம். துத்தநாகம் பூசிய ஆணி அடிக்க வேண்டிய இடங்களில் வெறும் இரும்பு ஆணி அடித்திருந்தார்கள். கடல் நீர் பட்ட சில நாளிலேயே அவற்றின் தலைகள் துருவேறியிருந்தன. இதைப் பார்த்தபோது எனக்குப் பண இழப்பு நினைவுக்கு வரவில்லை. வாளியால் இறைத்த ஒன்பது பேரின் முகங்கள்தான் நினைவுக்கு வந்தன.

முறையிடப் போகாமல் இல்லை. எந்த அலுவலகம் என்று எழுத விரும்பவில்லை; மூன்று இடங்களுக்குப் போனேன். எழுத்தில் ஏதாவது இருக்கிறதா என்று ஓர் இடத்தில் கேட்டார்கள். இது உங்கள் இருவருக்கும் இடையிலான கொடுக்கல் வாங்கல் என்று இன்னோர் இடத்தில் சொன்னார்கள். மூன்றாவது இடத்தில், பகைத்துக்கொண்டால் அடுத்த ஆண்டு வேலைக்கு யாரும் வரமாட்டார்கள், விட்டுவிடுங்கள் அம்மா என்று அறிவுரை சொன்னார்கள். அது நல்லெண்ணத்தில் சொன்னதாகவே இருக்கலாம். இருந்தாலும், ஏமாற்றப்பட்டவரை வாயை மூடிக்கொள்ளச் சொல்வதுதான் இந்தத் துறைமுகத்தில் கிடைக்கும் ஒரே தீர்வு என்றால், அதை என்னால் ஏற்க முடியவில்லை.

இந்த நகரத்தில் அடுக்குமாடி வீடு கட்டி விற்பவர் 2016-ஆம் ஆண்டின் ரியல் எஸ்டேட் சட்டப்படி தம் திட்டத்தைப் பதிவு செய்ய வேண்டும். வாங்குபவர்களிடம் பெறும் தொகையில் 70 விழுக்காட்டைத் தனிக் கணக்கில் வைக்க வேண்டும். சொன்ன தேதியில் வீட்டைக் கொடுக்காவிட்டால் பதில் சொல்ல வேண்டும். தெருவில் ஓடும் ஆட்டோவை ஓட்டுபவருக்கு உரிமம் வேண்டும். வீட்டைவிட விலை கூடிய சொத்து எங்கள் படகு. சுவரில் விரிசல் விழுந்தால் வீட்டைவிட்டு இறங்கி நிற்கலாம். கடலில் படகின் அடி விட்டுப்போனால் எங்கே இறங்குவது? மீனவர் பாதுகாப்பைப் பற்றி ஒவ்வொரு புயலுக்கும் பேசுகிறோம். 2016 டிசம்பர் 12-ஆம் தேதி வர்தா கரையைக் கடந்ததை இங்கே யாரும் மறக்கவில்லை. ஆனால் புயல் இல்லாத அமைதியான இரவில் ஒரு படகுக்குள் தண்ணீர் ஏறுவதற்கு ஓர் அவசர வேலையும் சில இரும்பு ஆணிகளும் போதும்.

கோபத்தில் எழுதுகிறேன் என்று நினைக்க வேண்டாம். ஒப்பந்ததாரர்கள் பக்கத்து நியாயமும் எனக்குத் தெரியும். எல்லாப் படகுகளுக்கும் அதே 61 நாள்தான். கலப்பற்றத் தெரிந்த கைகள் ஆண்டுக்கு ஆண்டு குறைந்துவருகின்றன. அந்த வேலை கற்றவர்களின் பிள்ளைகள் வேறு தொழிலுக்குப் போய்விட்டார்கள். இரண்டு படகுக்கு மட்டுமே ஆள் வைத்திருப்பவர் ஆறு படகுக்கு முன்பணம் வாங்கி, எல்லாவற்றையும் திறந்து போட்டுவிட்டு, எந்த உரிமையாளர் அதிகம் சத்தம் போடுகிறாரோ அங்கே ஆட்களை அனுப்புகிறார். என் மாமனார் காலத்திலிருந்து எங்களுக்கு வேலை செய்த முதிய மேஸ்திரி ஒருவர் இருந்தார். போதிய ஆள் இல்லாத ஆண்டில், "இந்த வருஷம் என்னால ஆகாதும்மா, வேற ஆளப் பாரு" என்று ஏப்ரல் முதல் வாரத்திலேயே சொல்லிவிடுவார். அவருக்கு எந்தப் பதிவும் தேவைப்படவில்லை. அவரைப் போன்றவர்கள் அருகிவிட்டதால்தான் இன்று உங்களிடம் கேட்க வேண்டியிருக்கிறது.

ஆகவே மறுபடியும் கேட்கிறேன். ஒப்பந்ததாரர்களைப் பதிவு செய்யுங்கள். எத்தனை ஆட்கள் வைத்திருக்கிறார் என்பதைப் பொறுத்து ஒரே நேரத்தில் எத்தனை படகுகளை எடுக்கலாம் என்று வரம்பு வையுங்கள். நான்கு விவரங்களும் அடங்கிய ஒரு பக்க ஒப்பந்தப் படிவத்தைத் தமிழில் அச்சிட்டு, அதன் ஒரு படியைத் துறைமுக அலுவலகத்தில் வைத்துக்கொள்ளுங்கள். படகு தண்ணீரில் இறங்கி, ஓட்டிப் பார்த்து, ஷாப்ட் வழியாகவும் அடிப்பகுதி வழியாகவும் நீர் வரவில்லை என்று உறுதியாகும் வரை தொகையில் ஒரு பங்கை நிறுத்திவைக்கும் உரிமையை அந்தப் படிவத்திலேயே எழுதுங்கள். ஆய்வுக்கு வரும் அலுவலரின் படிவத்தில் பழுதுபார்ப்பவரின் பெயருக்கும் முடிக்கும் தேதிக்கும் இரண்டு வரி இடம் விடுங்கள். இவற்றில் எதற்கும் பெரிய செலவு இல்லை.

வேறொரு மேஸ்திரி பதினாறு நாளில், இரண்டு லட்சத்து எண்பதாயிரம் ரூபாயில், எல்லாவற்றையும் பிரித்து மறுபடியும் செய்து கொடுத்தார். ஜூலை 29 முதல் படகு தொழிலுக்குப் போகிறது. எட்டுப் பேரில் ஐவர் திரும்பி வந்தார்கள். மற்ற மூவர் வேறு படகுகளில் முன்பணம் வாங்கிவிட்டார்கள். அவர்களை நான் குறை சொல்ல முடியாது.

அடுத்த தடைக்காலம் ஏப்ரல் 15-ஆம் தேதி தொடங்கும். முன்பணம் கைமாறுவது அதற்கு ஒரு மாதம் முன்பே, பங்குனியிலேயே ஆரம்பித்துவிடும். அந்தப் படிவம் அதற்குள் எங்கள் கைக்கு வருமாறு செய்ய வேண்டும் என்று பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு விசைப்படகின் உரிமையாளர்,
காசிமேடு, சென்னை