ஒவ்வொரு பாட்டாக

கல்லடி,
மட்டக்களப்பு.

அன்பின் மச்சான்,

உன் கடிதம் கிடைத்தது. இங்கே எல்லாரும் சுகம். தங்கச்சிக்கு முழங்கால் வருத்தம் குறைந்துவிட்டது, காலைப் பூசைக்கு நடந்தே போய் வருகிறாள். மழை பிந்தித்தான் வந்தது, என்றாலும் மாரி வெள்ளாமை பிழையில்லை. மற்றப் புதினங்களைப் பிறகு எழுதுகிறேன். நீ கேட்ட விஷயத்துக்கு முதலில் வருகிறேன், அதை எழுத எனக்குக் கை துடிக்கிறது.

ஒலிவியா ரொட்ரிகோ என்ற பாடகியின் முதல் அல்பத்தில் இருந்த பாட்டு முழுவதும் ஒரே கிழமையில் பட்டியலில் ஏறியதாம் என்று உன் பேத்தி சொல்கிறாள், நம்பலாமா என்று கேட்டிருந்தாய். நம்பலாம். 2021 மே மாதம் அந்த அல்பம், 'சவர்', வெளிவந்ததும் அதிலிருந்த 11 பாட்டும் அமெரிக்காவில் கிழமைக்குக் கிழமை பேர் எடுத்த நூறு பாட்டுகளை வரிசைப்படுத்துகிற பில்போர்ட் ஹொட் 100 பட்டியலில் முதல் 30 இடங்களுக்குள் வந்து நின்றன. அதற்கு முன்னர் ஜனவரியில் 'டிரைவர்ஸ் லைசன்ஸ்' வந்த கையோடு முதலிடத்தில் ஏறி எட்டுக் கிழமை இறங்கவில்லை. இப்போது போனில் ஒருவர் ஒரு பாட்டைக் கேட்டாலே அதுவும் கணக்கில் சேர்கிறது. அல்பம் வந்த இரவே சனம் தொடக்கத்திலிருந்து கடைசி வரை கேட்டால் அத்தனை பாட்டும் பட்டியலுக்குள் வந்துவிடும். அந்தப் பிள்ளையின் திறமையை நான் குறைத்துச் சொல்லவில்லை. பதினெட்டு வயதில் தன் மனசைத் தானே பாட்டாக எழுதிப் பாடியவள் கெட்டிக்காரிதான்.

ஆனால் உன் பேத்திக்கு அமெரிக்கப் பாடகி விட்னி ஹூஸ்டனின் முதல் அல்பம் மேலே ஏறிய கதையை நீ சொல்லத்தான் வேண்டும். நாங்கள் ரெக்கோடிங் பாரில் துண்டில் பாட்டுப் பெயர் எழுதிக் கொடுத்து, கசெட்டில் அடித்துத் தரும் வரைக்கும் வாசலில் காவல் நின்ற பாட்டுகள் அவை. நீ எழுதிக் கொடுத்த துண்டில் விட்னியின் பெயருக்கு அடியில் இரண்டு கோடு போட்டிருப்பாய், கடைக்காரர் விட்டுவிடக் கூடாது என்று.

அந்த அல்பம் 1985 பெப்ரவரி 14இல் வெளிவந்தது. அமெரிக்க அல்பப் பட்டியலில் முதலிடத்துக்கு வந்தது 1986 மார்ச்சில். ஒரு வருஷத்துக்கும் மேலே, மச்சான்! இந்தக் காலத்துக் கம்பனி என்றால் இரண்டாம் மாதமே கைகழுவிவிட்டு அடுத்த ஆளைத் தேடியிருக்கும். விட்னியின் பாட்டுகளை வெளியிட்ட அரிஸ்டா கம்பனியின் தலைவர் கிளைவ் டேவிஸ் அவசரப்படவில்லை. 1983இல் விட்னியை ஒப்பந்தம் செய்தவர், அல்பம் வர ஏறக்குறைய இரண்டு வருஷம் காத்திருந்தார். வந்த பிறகும் வயலில் ஒரு வரவை தண்ணீரால் நிறைந்த பின்னர்தான் அடுத்த வரவைக்கு வக்கடை வெட்டுவது போல, ஒரு பாட்டு ஊறி முடியும் வரை அடுத்ததை விடவில்லை.

அமெரிக்காவில் முதலில் விட்ட பாட்டு 'யூ கிவ் குட் லவ்'. ஆர்ப்பாட்டமே இல்லாத, ஆறுதலாகப் போகிற பாட்டு. கறுப்பின மக்கள் கேட்கிற வானொலிகளில் அது முதலில் பேர் எடுத்து, அவர்களுடைய பட்டியலில் முதலிடத்துக்குப் போனது. அதன் பிறகுதான் பொதுப் பட்டியலில் மூன்றாம் இடம் வரை வந்தது. அடுத்தது 'சேவிங் ஆல் மை லவ் ஃபோர் யூ', 1985 ஒக்டோபரில் முதலிடம். அந்த வருஷக் கடைசியில் இங்கிலாந்திலும் முதலிடம். பிறகு துள்ளல் பாட்டான 'ஹவ் வில் ஐ நோ'. அது முதலில் பாடகி ஜெனட் ஜாக்சனுக்கென்று போய், அவருடைய ஆட்கள் வேண்டாம் என்று திருப்பிவிட்ட பாட்டு. 1986 பெப்ரவரியில் அதுவும் முதலிடம். அதற்குப் பின்னால்தான் அல்பமே உச்சிக்குப் போனது.

நாலாவது, 'கிரேட்டஸ்ட் லவ் ஒஃப் ஆல்'. இதைப் பற்றித்தான் எனக்கு அதிகம் கதைக்க வேண்டும். 1977இல் முகமது அலியைப் பற்றிய படத்துக்காக ஜோர்ஜ் பென்சன் பாடிய பாட்டு அது. விட்னியின் 'யூ கிவ் குட் லவ்' வந்த சின்ன இசைத்தட்டில் அது மறுபக்கத்தில் கிடந்தது. எல்லாரும் கேட்காமல் விடுகிற பக்கம்! அந்த மறுபக்கப் பாட்டு 1986 மே மாதம் தன் முறைக்கு வெளியே வந்து மூன்று கிழமை முதலிடத்தில் நின்றது. இன்னொரு தடவை போட்டுக் கேட்டுப் பார். தொடக்கத்தில் பக்கத்தில் இருந்து கதைக்கிற மாதிரித் தாழ்ந்த குரலில் பாடுகிறாள். கடைசிப் பகுதியில் சுருதியே ஒரு படி மேலே ஏறுகிறது, குரல் அதோடு போய் இழுத்து நிற்கிறது. அங்கே கத்தல் ஒரு துளியும் இல்லை. நியூவார்க் நகரத் தேவாலயத்தில் தாய் சிசி ஹூஸ்டன் பழக்கிய மூச்சு அது. அந்தப் பாட்டின் வரிகளை எழுதிய லிண்டா கிரீட், புற்றுநோயால் 1986 ஏப்ரலில் இறந்துவிட்டார். பாட்டு முதலிடத்துக்கு வரும்போது அவர் இல்லை. இதை நினைக்கிற நேரமெல்லாம் எனக்கு மனசு கனக்கிறது.

பெண் பாடகி ஒருவருடைய முதல் அல்பத்திலிருந்து மூன்று பாட்டு முதலிடம் பிடித்தது அதுதான் முதல் தடவை. பிறகு போலா அப்துலும் மரியா கேரியும் நாலு நாலு பிடித்தார்கள், அது வேறு கதை.

இதெல்லாம் ஏன் இவ்வளவு விரிவாக எழுதுகிறேன் என்றால், தங்கச்சியின் மகளும் இப்போது பாட்டு வெளியிடப் போகிறாள். கோயில் பாடகர் குழுவில் நின்றவளை உனக்கு ஞாபகம் இருக்கும், குட்டையாக, முன் வரிசையில். இப்போது நல்லாக வளர்ந்துவிட்டாள், குரலும் வளர்ந்துவிட்டது. கூட்டாளிமார் சேர்ந்து ஐந்து பாட்டு ஒலிப்பதிவு செய்திருக்கிறார்கள். ஐந்தையும் ஒரே இரவில் யூடியூப்பில் போட்டுவிட வேண்டும் என்று பெடியன்கள் நிற்கிறார்கள். அவள் வந்து, "எந்தப் பாட்ட மாமா முதல்ல விடுற?" என்று கேட்டாள்.

நான் ஐந்தையும் கேட்டேன். துள்ளல் பாட்டு இரண்டு இருக்கிறது, பெடியன்களுக்கு அதுதான் விருப்பம். ஆனால் வாவிக்கரை மீன்பிடிக் குடும்பத்துப் பெண் ஒருத்தி புருஷனுக்காக இரவில் விழித்திருக்கிற பாட்டு ஒன்று இருக்கிறது. தபேலா கூட இல்லை, ஒரு கிற்றார் மட்டும். அதில் அவள், "இன்னும் வரல்லயே" என்று நம்மட பேச்சிலேயே பாடுகிறாள். அந்த இடத்தில் தங்கச்சி அடுப்படியில் இருந்து எழும்பி வந்து வாசலில் நின்று கேட்டாள். அதைத்தான் முதலில் விடச் சொன்னேன். நம்மட சனம், நாவலடியிலும் ஆரையம்பதியிலும் களுவாஞ்சிக்குடியிலும் இருக்கிறதுகள், அதைத் தங்கட பாட்டு என்று எடுத்துக்கொள்ளட்டும். இரண்டு மூன்று மாதம் போகட்டும். பிறகு துள்ளல் பாட்டை விட்டால் பாடுகிறவள் யாரென்று ஒருவரும் கேட்க மாட்டார்கள், எல்லாருக்கும் தெரிந்திருக்கும். பெடியன்களுக்கு முகம் கொஞ்சம் வாடிப்போனது. ஆனால் அவள் சம்மதித்துவிட்டாள்.

அடுத்த மாதம் அந்தப் பாட்டு வருகிறது, இணைப்பை அனுப்புகிறேன். உன் பேத்தியையும் இருத்தி வைத்துக் கேள். கேட்டுவிட்டு, முகத்துக்காகச் சொல்லாமல் உள்ளதை எழுது. கிற்றார் சத்தம் குரலை மூடுகிறதா என்று மட்டும் கவனித்துச் சொல்லு, எனக்கு அதில் ஒரு சந்தேகம் இருக்கிறது. இன்னும் திருத்த நேரம் உண்டு.

மச்சாளுக்கும் பிள்ளைகளுக்கும் என் அன்பைச் சொல்லு.

இப்படிக்கு,
உன் கூட்டாளி