தற்காலிகம் என்றால் எத்தனை வருடம்?

இங்கிலாந்தின் உள்ளாட்சிக் கவுன்சில்களில் உறுப்பினராக இருக்கும் தமிழ்க் கவுன்சிலர்களுக்கு,

வணக்கம். கவுன்சில் 500 பவுண்டுக்கு மேல் செய்கிற செலவுகளை வெளியிட்டாக வேண்டும் என்பது 2015-ஆம் ஆண்டின் வெளிப்படைத்தன்மை விதி. நீங்களும் வெளியிடுகிறீர்கள். அந்தப் பட்டியலில் ஏஜென்சி ஊழியர் செலவை, அதாவது ஆள் அனுப்பும் நிறுவனங்கள் வழியாக எடுக்கும் தற்காலிக ஊழியர்களுக்கான செலவைத் தேடிப் பாருங்கள். பெரும்பாலும் ஒரே ஒரு நிறுவனத்தின் பெயரும் எதிரே ஒரு பெரிய தொகையும்தான் இருக்கும். வேலை செய்தவர் கைக்கு எவ்வளவு போனது, இடையில் எவ்வளவு தங்கியது, எந்தப் பிரிவில் யார் எவ்வளவு காலமாக இருக்கிறார்கள் என்பதெல்லாம் அந்த ஒற்றை வரியில் தெரியாது.

நான் கவுன்சில் அலுவலகங்களில் ஏஜென்சி வழியாக வேலை பார்க்கிறவன். ஏஜென்சியே கூடாது என்று சொல்ல வரவில்லை. பிரசவ விடுப்பில் ஒருவர் போனால், வரிக் கடிதங்கள் அனுப்பும் மாதங்களில் தொலைபேசி ஓயாமல் அடித்தால், ஆள் வேண்டும்தான். ஒவ்வொரு மேனேஜரும் தனக்குத் தெரிந்த ஏஜென்சிக்கு போன் போட்டு ஆள் எடுப்பதை விட, நடுவில் ஒரு நிறுவனத்தை வைத்து ஒரே விலைப்பட்டியல், ஒரே பில் என்று நடத்துவது மேல். அந்த நடு நிறுவனம் சில இடங்களில் முதலில் தன் ஆட்களையே அனுப்பும். சில இடங்களில் தனக்கென ஆள் வைத்துக்கொள்ளாமல் மற்ற ஏஜென்சிகளுக்குப் பிரித்துக் கொடுக்கும். எதுவானாலும் சரி, ஒப்பந்தம் கையெழுத்தானதும் கவுன்சில் கண்ணை மூடிக்கொள்வதுதான் சிக்கல்.

டைம்ஷீட்டையே எடுத்துக்கொள்வோம். வார இறுதியில் செய்த மணி நேரத்தைக் கணினியில் ஏற்றுவோம். மேனேஜர் அதைத் திறந்து ஒரு பொத்தானை அழுத்த வேண்டும், அவ்வளவுதான் வேலை. அவர் லீவில் போய், பதிலுக்கு யாருக்கும் அந்த அனுமதி கொடுக்காமல் விட்டிருந்தால், அந்த வாரச் சம்பளம் வராது. ஏஜென்சியைக் கேட்டால் கவுன்சில் ஒப்புதல் தரவில்லை என்பார்கள்; கவுன்சிலைக் கேட்டால் அது ஏஜென்சி விவகாரம் என்பார்கள். வீட்டு வாடகைக்கு இந்த விளக்கம் எல்லாம் புரியாது. உண்மையில், கையெழுத்தான டைம்ஷீட் இல்லை என்ற காரணத்துக்காகவே சம்பளத்தை நிறுத்திவைக்க ஏஜென்சிகளுக்கு 2003-ஆம் ஆண்டின் விதிகள் இடம் தருவதில்லை. வேலை செய்தாரா என்று விசாரிக்கலாம், செய்தவருக்குக் கொடுத்தே ஆக வேண்டும். இது தெரிந்த மேனேஜர் ஒருவரைக்கூட நான் இன்னும் சந்திக்கவில்லை.

அப்புறம் அந்தப் 12 வாரம். 2011 அக்டோபர் முதல் நடைமுறையில் இருக்கும் ஏஜென்சி ஊழியர் விதிகளின்படி, ஒரே வேலையில் 12 வாரம் முடித்தவருக்கு நேரடி ஊழியருக்கான அடிப்படைச் சம்பளம், வேலை நேரம், விடுமுறை எல்லாம் சமமாகக் கிடைக்க வேண்டும். கேன்டீன் போன்ற பொது வசதிகளும், காலியிடங்களைப் பற்றிய தகவலும் முதல் நாளிலிருந்தே உண்டு. ஆனால் பன்னிரண்டாவது வாரம் நெருங்கும்போது "இந்த வாரத்தோடு போதும்" என்று ஒரு மின்னஞ்சல் வருவதையும், கொஞ்ச நாளில் அதே மேசைக்குப் புது முகம் வருவதையும் பார்த்திருக்கிறேன். சமச் சம்பளத்தைத் தவிர்க்க வேண்டுமென்றே வேலையைத் துண்டு போடுவதை அந்த விதிகள் தடுக்கின்றன. அதற்கு 5,000 பவுண்டு வரை கூடுதல் இழப்பீடு விதிக்க வேலைவாய்ப்புத் தீர்ப்பாயத்துக்கு அதிகாரம் உண்டு. ஆனால் அடுத்த வேலைக்கு அதே ஏஜென்சியை நம்பியிருப்பவர் தீர்ப்பாயத்துக்கா போவார்?

இதற்கு நேர்மாறாகவும் நடக்கிறது. "தற்காலிகம்" என்று எடுத்தவர் வருடக் கணக்கில் அதே நாற்காலியில் இருப்பார். புதிதாக வரும் நிரந்தர ஊழியருக்கு வேலை கற்றுக்கொடுப்பதும் அவர்தான். சம்பளம் சமம் என்றாலும், கவுன்சில் பென்ஷன் திட்டமோ, கவுன்சில் தன் ஊழியருக்குத் தரும் நோய்க்கால ஊதியமோ, ஆட்குறைப்பு இழப்பீடோ அந்தச் சமத்துக்குள் வராது. நிரந்தரமாக எடுக்கலாமே என்றால், "ஏஜென்சிக்குக் கட்டணம் கட்ட வேண்டுமே" என்கிறார்கள். கட்டணத்துக்குப் பதிலாக, குறிப்பிட்ட காலம் ஏஜென்சி வழியாகவே வைத்திருந்துவிட்டு பிறகு கட்டணமில்லாமல் எடுத்துக்கொள்ளும் வழியை அதே 2003 விதிகள் தருகின்றன. உங்கள் ஒப்பந்தத்தில் அந்தக் காலம் எவ்வளவு என்று அதிகாரிகளைக் கேட்டுப் பாருங்கள்.

கண்காணிக்க முடியாது என்று சொல்ல முடியாது. குழந்தைகள் நலப் பிரிவின் ஏஜென்சி சமூகப் பணியாளர்களுக்கு 2024 அக்டோபர் கடைசியிலிருந்து புது விதிகள் வந்துள்ளன: வட்டார அளவில் விலை உச்சவரம்பு, நிரந்தர வேலையை விட்டவர் அதே வட்டாரத்தில் மூன்று மாதம் ஏஜென்சி வழியாக வரக்கூடாது என்ற தடை, அரசுக்குத் தரவு தரும் கடமை. பிள்ளைகளின் பாதுகாப்பு என்பதால் அங்கே அவசரம் அதிகம், ஒத்துக்கொள்கிறேன். குப்பை லாரிக்குப் பின்னால் ஓடுகிறவருக்கும் வீட்டு வசதிப் பிரிவில் போன் எடுக்கிறவருக்கும் அந்த அளவு கட்டுப்பாடு வேண்டாம். கணக்காவது இருக்கட்டும்.

உங்கள் கவுன்சிலின் ஏஜென்சி ஒப்பந்தம் நீட்டிப்புக்கு வரும்போது, கண்காணிப்புக் குழுவில் ஒரு அட்டவணை கேளுங்கள். ஒவ்வொரு பிரிவிலும் 12 வாரத்தைத் தாண்டியவர்கள் எத்தனை பேர், ஒரு வருடத்தைத் தாண்டியவர்கள் எத்தனை பேர், 10, 11-ஆம் வாரங்களில் நிறுத்தப்பட்டவர்கள் எத்தனை பேர், மணிக்குக் கவுன்சில் தருவதில் ஊழியருக்குப் போவது எவ்வளவு. யார் பெயரும் வேண்டாம், எண்கள் போதும். நடு நிறுவனத்தின் கணினியில் இதில் பெரும்பகுதி ஏற்கெனவே இருக்கும். தர மாட்டோம் என்றால், எந்தக் காரணத்தால் என்று எழுத்தில் வாங்குங்கள். அது கைக்கு வரும் வரை நீட்டிப்புக்குக் கை தூக்காதீர்கள்.

இப்படிக்கு,
ஓர் ஏஜென்சி ஊழியன்