கை ஓடத்தான் ஓடுகிறது, கால்தான் ஊர் சுற்றுகிறது

மாதவரத்தில் எங்கள் குடோனை நடத்தும் நிர்வாகத்துக்கு,

போன வாரம் ஷிப்டு மீட்டிங்கில், டார்கெட் எடுக்க முடியாதவர்கள் வீட்டிலேயே இருக்கலாம் என்று சொன்னீர்கள். அங்கே பதில் பேச யாருக்கும் வாய் வரவில்லை, எனக்கும்தான். அதனால் இங்கே எழுதுகிறேன்.

சார், பொருளை எடுக்கிற நேரம் கொஞ்சம்தான். அது இருக்கிற இடத்துக்கு நடக்கிற நேரம்தான் அதிகம். ஒரு நாள் என் பையனின் வாட்சைக் கட்டிக்கொண்டு வந்தேன் (போனைத்தான் கேட்டிலேயே வாங்கி வைத்துவிடுகிறீர்களே), ஷிப்டு முடியும்போது 19 ஆயிரம் அடி காட்டியது. பிக்கரின், அதாவது ஆர்டரைப் பார்த்து ரேக்கிலிருந்து பொருளை எடுக்கிற என்னைப் போன்றவனின், நேரத்தில் ஏறக்குறைய பாதி நடையிலேயே போகிறது என்று குடோன் மேலாண்மைப் பாடப்புத்தகங்களிலேயே இருக்கிறது, நானாகச் சொல்லவில்லை.

பாத்திரம் தேய்க்கும் சோப்பையே எடுத்துக்கொள்ளுங்கள். எந்த அண்ணாச்சி கடை ஆர்டரைப் பிரித்தாலும் அது இருக்கும். அதை வைத்திருப்பது கடைசி ரேக்கில், அதுவும் குனிந்து இழுக்க வேண்டிய கீழ்த்தட்டில். லாரியில் சரக்கு ஏற்றும் லோடிங் பே பக்கத்தில், இடுப்பு உயரத்தில், சும்மா கையை நீட்டினால் கிடைக்கிற தட்டில் என்ன இருக்கிறது தெரியுமா? போன தீபாவளிக்கு வந்து விற்காத கிஃப்ட் பாக்ஸ், தூசியோடு. அண்ணாச்சியே சர்க்கரையையும் பருப்பையும் தராசுக்குப் பக்கத்தில்தானே வைக்கிறார். எது எத்தனை முறை எடுக்கப்படுகிறது என்பதெல்லாம் ஸ்கேனர் டேட்டாவில் கிடக்கிறது, மூன்று மாதக் கணக்கை எக்செலில் போட்டால் ஒரு மதியத்தில் அடிக்கடி போவது ஏ, நடுத்தரமாகப் போவது பி, எப்போதாவது போவது சி என்று பிரித்துவிடலாம். ஏ சரக்கு முன்னால் வரட்டும், இடுப்புக்கும் தோளுக்கும் நடுவில். பொங்கல் நேரத்தில் வெல்லமும் நெய்யும் முன்னால் வந்துவிட்டு, முடிந்ததும் பின்னால் போகட்டும்.

அப்புறம், ஒரு ஆர்டருக்கு ஒரு நடை என்பது என்ன கணக்கு? தண்டையார்பேட்டை கடைக்கு ஷாம்பு எடுத்துக் கொடுத்துவிட்டு வந்தால், வண்ணாரப்பேட்டை கடைக்கு அதே ஷாம்புக்காக அதே ரேக்குக்கு மறுபடி போகிறேன். டிராலியில் நாலு கிரேட் (ஆர்டர் பொருளைப் போடும் பெட்டி) தாராளமாக நிற்கும், சின்ன ஆர்டர்களை நாலு நாலாகச் சேர்த்துக் கொடுங்கள். கலந்துபோகும் என்று சூப்பர்வைசர் பயப்படுகிறார். கிரேட்டிலும் பார்கோடு ஒட்டி, பொருளை ஸ்கேன் செய்ததும் கிரேட்டையும் ஸ்கேன் செய்யச் சொன்னால், தப்பான கிரேட் என்றால் மெஷினே கத்திவிடும். 40 பெட்டி எண்ணெய் போகிற ஆர்டருக்கு இது ஆகாது, அது தனியாகவே போகட்டும்.

ரேக்கில் நாங்கள் பொருள் எடுக்கும் அறையை 'பின்' என்போம், அது காலியாக இருப்பதுதான் பெரிய கொடுமை. அவ்வளவு தூரம் போனால் சரக்கு மேல்தட்டில் பேலட்டில் (சரக்கு அடுக்கும் பலகையில்) இருக்கும், இறக்க ரீச் டிரக் என்கிற தூக்கு வண்டி வர வேண்டும். கொருக்குப்பேட்டை ரயில்வே கேட்டில் நின்று பழகியவன் நான், காத்திருப்பது புதிதில்லை, ஆனால் அங்கே நிற்கிற நேரத்துக்கு யாரும் என் டார்கெட்டில் கை வைப்பதில்லை. பின்னில் பாதி குறையும்போதே, பிக்கிங் தொடங்குவதற்கு முன்னால், இறக்கி நிரப்பிவிட்டால் இந்தப் பிரச்சினையே இல்லை.

தப்பு எடுத்தால் சம்பளத்தில் பிடிக்கிறீர்கள், சரி. 100 கிராம் சோப்பும் 125 கிராம் சோப்பும் ஒரே பச்சை உறையில் பக்கத்துப் பக்கத்து பின்னில் இருக்கின்றனவே, அதை அங்கே வைத்தவருக்கு எவ்வளவு பிடித்தீர்கள்? இரண்டுக்கும் நடுவில் நாலு பின் தள்ளி வைத்தால் போதும்.

மொத்தக் குடோனையும் மாற்றச் சொல்லவில்லை. முதல் இரண்டு வரிசையை மட்டும் இரண்டு வாரம் இப்படி ஓட்டிப் பாருங்கள். சரக்கை இடம் மாற்ற ஞாயிற்றுக்கிழமை நானும் இன்னும் மூன்று பேரும் வருகிறோம், ஓ.டி. (ஓவர்டைம்) மட்டும் போட்டுவிடுங்கள்.

ஏழாம் நம்பர் டிராலியின் சக்கரத்தையும் அப்படியே பார்க்கச் சொல்லுங்கள். ஆடி மாதத்திலிருந்து அது இடது பக்கமாகவே போய்க்கொண்டிருக்கிறது.

இப்படிக்கு,
காலை ஷிப்டு பிக்கர் ஒருவன்