நீ சொன்ன ‘இல்லை’

அன்பு நண்பா,

இங்கு அனைவரும் நலம். உன் முழங்கால் வலிக்கு அடுத்த கடிதத்தில் அனுதாபம் தெரிவிக்கிறேன். இந்தக் கடிதத்தில் உன் மீது ஒரு வழக்கு இருக்கிறது.

சென்ற முறை நாம் கூடியபோது நீ சொன்ன புதிரை நினைத்துப் பார். ஒருவர் மதுக்கூடத்துக்குள் வந்து ஒரு குவளை தண்ணீர் கேட்கிறார். பரிமாறுபவர் துப்பாக்கியை எடுத்து அவரை நோக்கி நீட்டுகிறார். வந்தவர் நன்றி சொல்லிவிட்டுப் போய்விடுகிறார். ஏன் என்பதை, ‘ஆம்’, ‘இல்லை’, ‘தொடர்பில்லை’ என்று மட்டுமே நீ பதில் சொல்லும் கேள்விகளைக் கேட்டு நாங்கள் கண்டுபிடிக்க வேண்டும். பழைய புதிர்தான், ஆனால் அன்று இருந்தவர்களில் ஒருவருக்கும் விடை தெரியாது. என் அண்ணன் மகள்தான் முதலில் வாய் திறந்தாள்: “அவர் கேட்டது தண்ணீர் என்பது முக்கியமா?” நீ சற்றும் யோசிக்காமல் “இல்லை” என்றாய். அதன் பிறகு தண்ணீரை யார் நினைத்தார்கள்? கொள்ளை, முன்விரோதம், மாறுவேடத்தில் வந்த காவலர் என்று எல்லோரும் துப்பாக்கியின் பின்னாலேயே ஓடினோம், நம் கூட்டத்துக் கேப்டன் எந்தப் புதிருக்கும் கேட்கும் தம் வழக்கப்படி “அவன் மீனா?” என்று கேட்டு ஓய்ந்தார். கடைசியில் நீயே மனமிரங்கி ‘விக்கல்’ என்று சொன்னபோது, எனக்குச் சிரிப்புக்குப் பதிலாகக் கோபம் வந்தது. விக்கலை நிறுத்தத்தானே அவர் தண்ணீர் கேட்டார்? அதிர்ச்சி அந்த வேலையைச் செய்துவிட்டதால்தானே தண்ணீர் தேவைப்படாமல் போயிற்று?

நீ என்ன வாதாடுவாய் என்று எனக்குத் தெரியும். அவருக்குத் தாகம் இல்லை, தண்ணீரை அவர் குடிக்கவும் இல்லை, ஆகவே உன் பதில் சரி என்பாய். “அவருக்குத் தாகமா?” என்று கேட்டிருந்தால் ‘இல்லை’ என்பது பொன்னான பதில், கேள்வி அதுவல்லவே. ‘ஆம்’, ‘இல்லை’, ‘தொடர்பில்லை’ என்னும் மூன்றுக்குள் அடங்காத கேள்வி வரும்போது, “வேறு விதமாகக் கேளுங்கள்” என்று சொல்லும் உரிமை புதிர் சொல்பவருக்கு எப்போதும் உண்டு. அதைப் பயன்படுத்த உனக்கு ஏன் இவ்வளவு கஞ்சத்தனம்?

ஒரு தவறான பதிலுக்கு விலை என்ன என்று கணித அறிஞர்கள் கணக்கிட்டே வைத்திருக்கிறார்கள். பத்து லட்சம் எண்களுள் ஒன்றை நீ மனத்தில் நினைத்துக்கொண்டால், ஒவ்வொரு கேள்வியிலும் மீதமுள்ளவற்றைச் சரிபாதியாக வெட்டிக்கொண்டு வந்து, இருபதே கேள்விகளில் அதைப் பிடித்துவிடலாம். இரண்டை இருபது முறை பெருக்கினால் 10,48,576 வருகிறது அல்லவா? பதில் சொல்பவர் ஒருமுறை பொய் சொல்லலாம் என்றால் எத்தனை கேள்விகள் வேண்டும் என்று ஸ்டானிஸ்லாவ் உலாம் 1976இல் கேட்டார். இருபத்தைந்து என்று ஆண்ட்ஜேய் பெல்ட்ஸ் 1987இல் நிறுவினார். ஐந்து கேள்விகள்தானே கூடுதல் என்று நீ நிம்மதி அடைந்துவிடாதே. அங்கே கேட்பவருக்கு ஒரு பொய் வரக்கூடும் என்பது முன்கூட்டியே தெரியும், தேட வேண்டிய எண்களும் கண்முன் இருக்கின்றன. நமக்கோ இரண்டும் கிடையாது. விக்கல் என்ற ஒன்று பட்டியலிலேயே இல்லாதபோது எதைப் பாதியாக வெட்டுவது? நம் விளையாட்டில் நல்ல கேள்வி என்பது, நாம் கேட்காமலே உண்மை என்று எடுத்துக்கொண்ட ஒன்றைத் தொட்டு அசைப்பதுதான். தண்ணீர் கேட்பவருக்குத் தாகம் என்று நாங்கள் எல்லோரும் வாய்விட்டுச் சொல்லாமலே முடிவு செய்திருந்தோம். அந்த முடிவின் மீது கை வைத்தவள் அவள் ஒருத்திதான்; அவள் கையைத்தான் நீ தட்டிவிட்டாய்.

இயற்பியலாளர் ஜான் வீலர் ஒரு விருந்தில், மற்றவர்கள் நினைத்த சொல்லை ஆம்-இல்லைக் கேள்விகளால் கண்டுபிடிக்கும் இருபது கேள்வி ஆட்டம் ஆடியபோது, நண்பர்கள் எந்தச் சொல்லையும் முடிவு செய்யாமல், முந்தைய பதில்களோடு முரண்படாமல் இருந்தால் போதும் என்று அவரவர் விருப்பம்போல் பதில் சொன்னார்களாம். ஆட்டம் ‘மேகம்’ என்ற சொல்லில் போய் முடிந்ததாம். விடையே இல்லாதவர்கள் அவ்வளவு கவனமாக இருந்திருக்கிறார்கள்; கையில் விடையை வைத்துக்கொண்டிருந்த உனக்கு அது முடியவில்லை!

கேலி போதும். நான் இதை எழுத உட்கார்ந்த காரணம் வேறு. அன்றிலிருந்து அவள் எங்களோடு அமர்கிறாள், ஆனால் உரக்கக் கேட்பதில்லை. தோன்றுவதைப் பக்கத்தில் இருப்பவரின் காதில் சொல்கிறாள். அவர் தலையாட்டினால் மட்டும் அவரையே கேட்கச் சொல்கிறாள். இதை நான் இரண்டு புதிர்களுக்குப் பிறகுதான் கவனித்தேன். தவறாக ஊகித்தவர்கள் எவரும் இப்படி ஒடுங்கிப்போனதில்லை. கேப்டனைப் பார், எத்தனை மீன்களைப் பிடித்தாலும் அவருக்குக் கூச்சம் வரவில்லை. சரியாகக் கேட்டுவிட்டுத் தவறு என்று கேட்டுக்கொண்டவள்தான் தன் கேள்விகளையே நம்பாமல் இருக்கிறாள். “உன் கேள்வி சரிதான்” என்று நான் சொல்லிப் பார்த்தேன். சித்தப்பா ஆறுதலுக்காகச் சொல்கிறார் என்று எடுத்துக்கொண்டாள். அதைப் புதிர் சொன்னவன் சொல்ல வேண்டும்.

ஆகவே அவளுக்குத் தனியாக நான்கு வரி எழுது. மன்னிப்பு என்று பெரிதாக எதுவும் வேண்டாம். அந்தக் கேள்விக்கு உரிய பதில் ‘ஆம்’ என்று மட்டும் எழுதினால் போதும். அடுத்த கூட்டத்தில் புதிர் சொல்லப் போகிறவள் அவள்தான் என்று முடிவாகியிருக்கிறது, விடையை என்னிடம்கூடச் சொல்ல மறுக்கிறாள். நீ கேட்பவர்கள் வரிசையில் உட்கார வேண்டும். தேதியைப் பிறகு தெரிவிக்கிறேன்.

அன்புடன்,
உன் பழைய எதிரணி